தலையை ஆட்டாத மாமன்

என் சித்தப்பா அரியமுத்துவுக்குப் பஸ்ஸில் எப்போதும் இடம் கிடைக்கும். வேப்பந்தட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார். பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் யாராவது எழுந்து, "சாமி, உக்காருங்க" என்று சொல்லிவிடுவார்கள். நெஞ்சு வரைக்கும் தாடி, தோளில் புரளும் முடி. "எந்தக் கோயிலுக்குங்க வேண்டுதல்?" என்று கேட்டால் சித்தப்பா பஸ்ஸின் கூரையைப் பார்த்து, "அதெல்லாம் வெளில சொல்லக் கூடாதுங்க" என்பார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒருமுறை ஒரு அம்மாள், அழுகிற கைக்குழந்தையை நீட்டித் திருநீறு பூசச் சொன்னாள். கைவசம் இல்லாததால் வெறும் விரலாலேயே பூசிவிட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு பொட்டலம் திருநீறு இருக்கும், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில்.

வேண்டுதலும் கிடையாது, விரதமும் கிடையாது. சித்தப்பாவுக்கு முடி வெட்டுகிறவரைக் கண்டால் பயம். விஷயம் அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவர் செய்த தொழில் அப்படி. எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. கொஞ்ச ஆழம் தோண்டினாலே பாறை. வெடி வைக்காமல் கிணறு இறங்காது. சித்தப்பா கயிற்றில் தொங்கியபடி இறங்கி, பாறையில் துளை போட்டு, தோட்டாவைத் திணித்து, திரியைக் கொளுத்துவார். அதே நெருப்பில் பீடியையும் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாக மேலே ஏறி வருவார். பார்த்துக்கொண்டு நிற்கிற நாங்கள்தான் மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிவோம்.

"தோட்டாவுக்குப் பயம் இல்லையாம், சவரக்கத்தியக் கண்டா ஓடுவாராம். என்னையக் கட்டிக் குடுக்கயில இத யாருமே சொல்லல" என்பாள் குஞ்சம்மா சித்தி, அவர் மனைவி. "சொல்லியிருந்தா அந்தக் கத்தியவே சீதனமாக் கேட்டிருப்பேன். வூட்டுல ஒரு பேச்சு எடுபடும்."

அவரிடம் வேறு சில கிறுக்குகளும் இருந்தன. தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க மாட்டார். கிணற்றில் குதித்து ஒரே முழுக்கு. தீபாவளி எண்ணெய்க் குளியலும் அப்படியேதான். தூறல் போட்டால் துண்டு தலைக்கு ஏறிவிடும். கல்யாணத்தன்று மாலை கழுத்தை அரிக்கிறது என்று கழற்றி மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் தாலி கட்டினார். இதையெல்லாம் தனித்தனிக் கிறுக்கு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். தாய்மாமன் வராவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் நாதியில்லை என்று அர்த்தம். சித்தப்பா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கை, ராசாத்தி அத்தை; அவளுக்கும் அவரைத் தவிர அண்ணன் தம்பி கிடையாது. ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடக்கரை ஊரில் வாக்கப்பட்டவள். அவளுடைய மூத்த பையனுக்கு முடி இறக்கிய அன்று சித்தப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் உட்கார்ந்தார். பிள்ளையின் தலையை நனைக்கச் சொம்பை எடுத்தார்கள். அடுத்த நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் தள்ளிவிட்டு, கொள்ளிட மணலில் ஓடினார் பாருங்கள், அக்கரைக்குப் போய்த்தான் நின்றார்.

அதிலிருந்து ராசாத்தி அத்தைக்கு அந்த வீட்டில் "அண்ணன் ஓடுனவ" என்றே பெயர். மாமியார் வீரம்மாள் உப்பு கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் அத்தை எங்கள் ஊருக்கு வந்தாள்.

"அண்ணே, தையில வேம்புக்கு முடி எறக்குறோம். நீதான் மடியில வக்கிற."

வேம்பு அவளுடைய இரண்டாவது பிள்ளை. மூன்று வயது முடியப் போகிறது.

"வக்கிறேன் தாயி."

"போன தடவையும் இப்புடித்தான் சொன்ன."

சித்தப்பா தாடியைத் தடவினார்.

"எங்க மாமியா எதுக்கும் இருக்கட்டும்னு அவங்க பக்கத்துல ஒரு ஆளப் பாத்து வச்சிருக்குது. அந்த ஆளு மடியில எம்பொண்ணு உக்காந்தா, அதோட எனக்குப் பொறந்த வூடு இல்ல. நான் இங்க வரமாட்டேன், நீயும் அங்க வராத."

சித்தி நீட்டிய மோரைக்கூட வாங்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் சித்தப்பா சாப்பிடவில்லை.

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். நான் சொல்லாவிட்டாலும் என் அப்பா டீக்கடையில் சொல்லிவிடுவார். திருச்சியில் பி.ஏ. படித்தபோது உளவியல் எனக்குத் துணைப்பாடம். இளம் வயதில் பட்ட அடி மனசுக்குள்ளேயே தங்கிப் பெரியவனான பிறகும் ஆளை ஆட்டிவைக்கும் என்றும், அதைப் பேசியே சரிசெய்ய முடியும் என்றும் அதில் படித்திருந்தேன். திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படிப்பட்ட வைத்தியம் பார்க்கும் டாக்டர் மரகதம் எங்கள் கல்லூரிக்கு வந்து ஒருமுறை பேசியிருந்தார். படிப்பு எதற்கு உதவுகிறது என்று ஊருக்குக் காட்ட எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. அவரிடம் போய்ப் பார்க்கலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

"கரண்ட்டு வப்பாங்களா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. பேசுவாங்க. நீங்களும் பேசணும்."

"பேசுறதுக்காடா திருச்சி போவணும்? இங்க உன் சித்தி பேசாத பேச்சா?"

இருந்தாலும் வந்தார். டாக்டரம்மாவுக்கென்று ஒரு பை நிலக்கடலை வேறு. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பாவே சொன்னார்.

"சின்ன வயசப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. எனக்குச் சின்ன வயசே கெடையாதுங்க, ஆறு வயசுல ஆட்டுக்குப் பின்னால அனுப்பிட்டாங்கன்னேன். அப்ப அஞ்சு வயசப் பத்திச் சொல்லுங்கங்கறாங்க. விடுற ஆளு இல்லடா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடல நல்லா இருக்குதான்னு கேட்டேன்."

இப்படியே சில வாரங்கள் கடலையைப் பற்றிப் பேசி ஓட்டினார். டாக்டரம்மாவும் அவசரப்படவில்லை. பயப்படுகிற பொருளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகச் சொன்னார். பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாமிக்கண்ணு அண்ணன் சலூன். முதல் நாள் எதிர்வாடையில் நின்று பார்க்க வேண்டும். அப்புறம் உள்ளே போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அப்புறம் கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா எல்லாவற்றையும் செய்தார். பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தார். கத்தியை வாங்கித் தோல்வாரில் தீட்டியே கொடுத்தார். "அண்ணே, கைப்பக்குவம் இருக்குதே, வேலைக்கு வாறீங்களா?" என்று சாமிக்கண்ணு அண்ணனே கேட்டுவிட்டார். பயம் போயேபோய்விட்டது என்று நான் கல்லூரி நண்பர்களுக்கெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை நாற்காலியில் உட்காரவைத்து வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார்கள். சாமிக்கண்ணு அண்ணன் கத்தியை எடுக்கவேயில்லை. முடியை நனைக்கலாம் என்று கிண்ணத்தில் கையை விட்டு உச்சந்தலையில் நாலு சொட்டுத் தெளித்தார். சித்தப்பா நாற்காலியோடு எழுந்து, நாற்காலியை உதறிவிட்டு, சாலையைக் கடந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார். அது அரியலூர் போகிற பஸ். கழுத்தில் வெள்ளைத் துணி, காற்றில் தாடி. உள்ளே இருந்தவர்கள் பயபக்தியோடு எழுந்து ஒரு முழு சீட்டையே கொடுத்தார்களாம். கண்டக்டர், "சாமி, இந்தத் துணி எந்தக் கோயில்லங்க குடுக்குறாங்க?" என்று கேட்டதற்கு, "பெரம்பலூருல" என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டு டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கத்தி இல்ல. தண்ணி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவருக்குச் சின்ன வயசுல முடி எறக்குனப்போ கூட இருந்த யாராவது ஒருத்தர அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒருத்தர் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரை மட்டும் கூட்டிப்போனால், அது ஓரவஞ்சனை. அன்றைக்குக் கோயிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தவர்கள்தானே? கடலை மூட்டை ஏற்றுகிற லாரியைப் பிடித்தார்கள். சித்தப்பாவை அன்று மடியில் வைத்திருந்த தாய்மாமன் அய்யம்பெருமாள் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஊரே ஏறியது. புளிச்சோற்று அண்டா இரண்டு ஏறியது. சித்தப்பா பிறந்த பிறகு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள்கூட, "கேள்விப்பட்டதச் சொல்லலாம்ல" என்று ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்தார்கள். டாக்டர் மரகதம் வெளியே வந்து பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெரியதனம் ராசாங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கும்புடறேங்கம்மா. வாதி அரியமுத்து, இந்தா இருக்கான். பிரதிவாதி அய்யம்பெருமாளு. சாட்சி பூராவும் கூட்டியாந்துட்டோம். நீங்க வெசாரிச்சுத் தீர்ப்பச் சொல்லுங்க."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. டாக்டரம்மா மட்டும் செருப்பைக் கழற்றி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். "அரியமுத்து, இவங்க எல்லாரும் இருக்கலாமா? இல்ல, போகச் சொல்லட்டுமா?"

"எதுக்குங்க? சோறெல்லாம் கொண்டாந்திருக்காங்க" என்றார் சித்தப்பா.

முதலில் அன்று வெட்டிய ஆடு வெள்ளாடா செம்மறியா என்று ஒரு சண்டை. அது ஓய்ந்த பிறகு அய்யம்பெருமாள் பேசினார். எழுபதைத் தொட்ட மனிதர்.

"எம்மடியிலதாங்க இருந்தான். மத்த பிள்ளைங்க மாரி அழுவல, மொரண்டு புடிக்கல. கல்லாட்டம் உக்காந்திருந்தான். பாதித் தல வழிச்சாச்சு. திடீர்னு ஒரு துள்ளு துள்ளுனான். கத்தி பட்டு ரத்தம். ஓடிட்டான். மறுநாளு சோளக்காட்டுலதான் ஆள் கெடச்சான். மீதித் தலயில கைய வக்க வுடல. அரை மொட்டையாத் திரிஞ்சான். நாங்கெல்லாம் சிரிச்சோம்."

"கல்லு மாதிரி ஏன் உக்காந்திருந்தீங்க?" என்று டாக்டரம்மா சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா ஜமுக்காளத்து நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஆட்டக் கூடாதுன்னு."

"எதை?"

"தலைய."

ஊரே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"எனக்கு முன்னால ஆட்டுக்கு மாலை போட்டாங்க. மஞ்சத்தண்ணிய அது தலையில ஊத்துனாங்க. அது தலைய ஆட்டுச்சு. சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு எல்லாரும் கொலவ போட்டாங்க. வெட்டிட்டாங்க. அப்பறம் எனக்கு மாலை போட்டாங்க. மாமா இறுக்கிப் புடிச்சாரு. என் தலையில தண்ணி ஊத்துனாங்க. கத்தி வந்துச்சு." நூலை இழுத்தார். "தலைய ஆட்டுனாத்தான வெட்டுவாங்க? நான் ஆட்டாம இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேன். தண்ணி காதுக்குள்ள எறங்கிருச்சு. ஆட்டிட்டேன். ஆட்டுன ஒடனே கொலவ போட்டாங்க."

கோயிலில் அடுத்து நின்ற வேறொரு குடும்பத்து ஆடு தலையாட்டியதற்குப் போட்ட குலவையாக இருந்திருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

குஞ்சம்மா சித்தி புளிச்சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அய்யம்பெருமாள் கண்ணைத் துடைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா மாப்ள."

"எப்புடிச் சொல்றது மாமா? புடிச்சிருந்ததே நீங்கதான."

ராசாங்கம் தொண்டையைச் செருமினார். "அப்ப அய்யம்பெருமாளுதான் குத்தவாளின்னு ஆவுது."

"இதுல குத்தவாளி யாரும் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "அவர் பிள்ளையப் பத்திரமாப் பிடிச்சிருக்கார். பிள்ளைக்கு அது வேற மாதிரி தெரிஞ்சிருக்கு."

"குத்தவாளி இல்லாம பஞ்சாயத்த எப்புடிங்கம்மா முடிக்கிறது? இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

கொஞ்ச நேரம் குசுகுசுத்து, குற்றத்தை அந்த ஆட்டின் தலையில் போட்டு முடித்தார்கள். அது செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால் எதிர்வாதம் வரவில்லை. டாக்டரம்மாவுக்கும் ஓர் இலையில் புளிச்சோறு போட்டார்கள். சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் உண்மையான வைத்தியம் ஆரம்பித்தது. அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும். சொல்லும்போது நெஞ்சு படபடத்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, இது திருச்சி, இது இன்றைக்கு என்று தெரிந்துகொண்டு மறுபடியும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சட்டை நனைந்து வெளியே வருவார். வரவர வியர்வை குறைந்தது. ஒரு தடவை, "சொல்லிக்கிட்டே இருக்கயில கொட்டாவி வந்துருச்சுடா" என்று வெட்கப்பட்டார். டாக்டரம்மாவுக்கு அந்தக் கொட்டாவியில் ரொம்ப சந்தோஷமாம்.

வீட்டில் தண்ணீர்ப் பயிற்சி. பொறுப்பாளர் குஞ்சம்மா சித்தி. தோளில் ஒரு தம்ளர், பிடரியில் ஒரு தம்ளர், அப்புறம் உச்சியில். எப்போது ஊற்றப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் சரி என்ற பிறகுதான் ஊற்ற வேண்டும், யாரும் பிடிக்கக் கூடாது. இதுதான் சட்டம். சித்தி சட்டத்தை மதித்தாள். ஆனால் நாள் முழுக்க, "ஊத்தவா? ஊத்தவா?" என்று சொம்போடு பின்னாலேயே திரிந்தாள். சந்தையில் என்ன வாங்கினாய் என்று சித்தப்பா கணக்குக் கேட்டால் சொம்பைத்தான் எடுப்பாள். "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை. அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

ஒருநாள் டாக்டரம்மா கேட்டாராம்: "அந்த அஞ்சு வயசுப் பையன் இப்ப உங்க முன்னால இருந்தா அவன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"ஓடுறா-ன்னு சொல்வேன்" என்றிருக்கிறார்.

அதே கேள்வியை மார்கழியில் மறுபடியும் கேட்டபோது சித்தப்பா பதில் சொல்லவில்லையாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பயம் பூராவும் போவாட்டியும் பரவால்லயாம்டா. பயத்தோடயே உக்காரலாமாம்" என்று மட்டும் சொன்னார்.

தை பிறந்தது. கொள்ளிடக்கரைக் கோயிலில் சித்தப்பா வந்து இறங்கியபோது வீரம்மாள் ஏற்பாடு செய்து வைத்திருந்த மாற்று மாமன், புது வேட்டி கட்டி, மாலை வாங்கத் தயாராக ஓரமாக நின்றிருந்தார். ராசாத்தி அத்தை அண்ணனைப் பார்த்ததும் மணையை எடுத்துப் போட்டாள். மணையில் உட்கார்ந்து வேம்புவை மடியில் வாங்கிக்கொண்டார் சித்தப்பா. கழுத்தில் மாலை விழுந்தது. கழற்றவில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தை வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், ஓடினால் அமுக்குவதற்கு.

கொஞ்சம் தள்ளி, மாலை போட்ட ஆடு. பூசாரி மஞ்சள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். வேம்பு வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், தன் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தாள். சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வியர்வை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பாத்தியாடி, ஆரம்பிச்சுட்டான் உங்கண்ணன்" என்றாள் வீரம்மாள். மாற்று மாமன் வேட்டியை இறுக்கிக் கட்டினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா ஓடவில்லை. "பூசாரி, அந்த ஆட்டக் கோயிலுக்குப் பின்னால கொண்டு போங்க. எங்க பிள்ள முடி எறக்கி, காது குத்தி, இங்கேருந்து போன பின்னாடி வச்சுக்கங்க" என்றார்.

"மொறைய மாத்தச் சொல்றியா?" வீரம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "ஆட்டப் பாத்துப் பயப்படுற மாமன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"ஆமாங்க அத்த, பயந்தவன்தான். அஞ்சு வயசுல அந்த ஆடும் நானும் ஒண்ணுன்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வருசமா ஓடுனேன். எம்மடியில உக்கார்ற பிள்ள ஓட வேணாம்." பின்னால் திரும்பினார். "அண்ணனுங்களா, நீங்களும் கொஞ்சம் தள்ளுங்க. இங்க யாரும் யாரையும் புடிக்க வேணாம்."

ராசாத்தி அத்தையே போய் ஆட்டுக்கயிற்றை அவிழ்த்தாள். மாமியார் ஏதோ சொல்ல வந்ததற்கு, "எங்கண்ணன் சொல்லிருச்சுல்ல" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சித்தப்பா மறுபடியும் உட்கார்ந்தார். "மொதல்ல எனக்கு" என்றார் முடி எடுப்பவரிடம். குஞ்சம்மா சித்தி சொம்போடு வந்தாள். "ஊத்தவா?"

"ஊத்து."

தண்ணீர் தாடி வழியாக வடிந்தது. சித்தப்பா குனிந்து வேம்புவிடம், "இங்க பாரு கண்ணு. தலைய ஆட்டுனா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். லேசாக அல்ல. சாமி வந்தவர் மாதிரி, தாடியும் முடியும் நாலா பக்கமும் அடிக்க, சுற்றி நின்றவர்கள் பட்டுப்புடவையெல்லாம் நனைய ஆட்டினார்.

பூசாரி பழக்க தோஷத்தில், "உத்தரவு கெடச்சிருச்சு!" என்று கத்திவிட்டார். பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

ஒரு கணம் எல்லோருக்கும் திக்கென்றது. டாக்டரம்மா இருந்திருந்தால் பூசாரியை அறைந்திருப்பார். சித்தப்பாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஊத்து, ஊத்து, எனக்கும் ஊத்து" என்று வேம்பு கையைத் தட்டினாள். ஊற்றினார்கள். அவளும் ஆட்டினாள்.

இரண்டு பேருக்கும் மொட்டை போட்டார்கள். காது குத்தும்போது வேம்பு ஒரு முறைதான் முகம் சுளித்தாள். அப்புறம் திரும்பி, தாடியில்லாத மாமனின் முகத்தைப் பார்த்துவிட்டு அலறினாள் பாருங்கள், ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். குஞ்சம்மா சித்திகூட ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தத் தாடை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நானே தாடி வளக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரும் எழுந்திருக்கவில்லை. ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் வரைக்கும் சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கையில் ராசாத்தி அத்தை கட்டிக்கொடுத்த பலகாரக் கூடை. மாசி மாதம் பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்குகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வழியில் காலம் தப்பிய ஒரு தூறல். கூரை ஒழுகி மொட்டைத் தலையில் சொட்டியது. துண்டு தோளில்தான் கிடந்தது. சித்தப்பா அதைத் தொடவில்லை. தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினார். பக்கத்தில் நின்றவர், "யோவ், பாத்துய்யா" என்றார்.